சிவக்காத முதுகு

நாலாவது கோடு இழுத்தபோதுதான் பார்தினா அந்த முதுகை உற்றுப் பார்த்தாள்.

உடம்பில் புகுந்த காற்றை இறக்க, எண்ணெய் தடவிய முதுகில் காசை வைத்துச் சாய்வாக இழுத்தால், இழுத்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று சிவக்க வேண்டும். காற்று நிறையப் புகுந்த உடம்பென்றால் கத்தரிப்பூ நிறத்துக்கே போய்விடும். முப்பது வருஷமாக ஜாவாவின் வேதி வட்டாரத்தில் அவள் சுரண்டாத முதுகு கிடையாது. ஊருக்கே அக்கா என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘யு’ பார்தினாதான். ஆனால் இன்றைக்குக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த பாக் முல்யோனோவின் முதுகு உரித்த கோழித்தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வியர்வையில் காசு வழுக்கியது. தொட்டால் அந்த வியர்வை சில்லென்றிருந்தது.

“என்ன யு, உன் காசு மழுங்கிப் போச்சா?” என்றார் அவர். “நல்லா அழுத்து. இன்னும் அரை மணி நேரத்துல நான் வெளிய போயாகணும்.”

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊருக்கே ‘பாக்’, அதாவது ஐயா. பாதி ஊர் அவரிடம் பிரம்படி வாங்கியிருக்கிறது. நாளைக்கு ஒரே மகளுக்குக் கல்யாணம். இன்றைக்கு மணப்பெண்ணைப் பூநீராட்டும் சடங்கு. முற்றத்தில் ஏழு கிணற்றுத் தண்ணீர் கலந்து, ரோஜாவும் மல்லிகையும் மிதக்கவிட்டு, பெண்ணையும் அலங்கரித்தாயிற்று. முதல் அகப்பைத் தண்ணீரைத் தகப்பன்தான் ஊற்ற வேண்டும். காலையிலிருந்து நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்றார். பந்தல் வேலையில் பனிக்காற்று புகுந்திருக்கும் என்று அவர் மனைவி இபு ரெத்னோ ஆள் அனுப்பி பார்தினாவை வரவழைத்திருந்தாள்.

எங்கள் ஜாவாவில் தலைவலிக்கும் காற்று, வயிற்றுவலிக்கும் காற்று. ஆளே திடீரென்று போய்விட்டால் அது ‘உட்கார்ந்த காற்று’. நெஞ்சில் வந்து உட்கார்ந்து உயிரைக் கொண்டுபோய்விட்டது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். செத்தவனுக்கு அதனால் நஷ்டமில்லை, பிழைத்திருக்க வேண்டியவனுக்குத்தான் நஷ்டம்.

பார்தினாவின் புருஷன் சுரத்மினையும் அந்தக் காற்றுதான் கொண்டுபோனது என்று நாலு வருஷமாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது. வயலிலிருந்து வந்தார், தண்ணீர் கேட்டார், சாய்ந்துவிட்டார், எல்லாம் அஞ்சு நிமிஷம். அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். மகன் ஹண்டோகோவிடமும் அதையேதான் சொன்னாள். அன்று அவன் ஆற்றங்கரையில் மணல் ஏற்றப் போயிருந்தான். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்தது வேறு. அன்றைக்கும் முதுகு சிவக்கவில்லை. காற்று ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்து ஒன்றரை மணி நேரம் தோல் கிழிகிற மட்டும் சுரண்டினாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு சுகாதார நிலையத்து லேடி டாக்டரிடம் மட்டும் வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண் திட்டவில்லை. ஒரு சீட்டின் பின்பக்கம் இதயத்தை வரைந்து காட்டினாள். உடம்பு முழுக்க ரத்தம் இறைக்கிற அந்தக் கைப்பிடிச் சதைக்கும் சோறு வேண்டாமா, அதன் மேலேயே நாற்றுத்தாள் கனத்தில் ஓடுகிற குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன என்றாள். அதில் ஒன்று அடைத்தால் சதை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இறைக்கிற வலு குறையும்போது உடம்பு தோலுக்குப் போகிற ரத்தத்தைச் சுருக்கி உள்ளே திருப்பிவிடும். அதனால்தான் தோல் வெளுத்து ஜில்லிடுகிறது. இதயத்துக்கு வலித்தால் நெஞ்சில்தான் வலிக்கும் என்றில்லை, கையில் வலிக்கும், தாடையில் வலிக்கும், முதுகில் வலிக்கும். நேரத்தோடு வந்தால் அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பார்தினா எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

இப்போது காசைக் கீழே வைத்தாள்.

“பாக், இது காத்து இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே.”

“விளையாடுறியா?”

அறைக்குள் பூ எடுக்க வந்திருந்த மணப்பெண் அலங்காரக்காரி திரும்பிப் பார்த்தாள். சடங்கு முழுக்க அவள் பொறுப்பு. நாக்கில் நெருப்பு வைத்திருப்பவள். “நல்லா இருக்கு யு, நீ பேசறது! பொண்ணு தண்ணி ஊத்திக்க உக்காந்திருக்கா, இப்ப தகப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனா விளங்குமா? சுரண்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, வேற ஆளப் பாக்கறோம்.”

“எதுக்கும் இன்னொரு தடவ பாரேன்,” என்று கெஞ்சினாள் இபு ரெத்னோ. “ஒரு மணி நேரம் தாங்கினா போதும். சடங்கு முடிஞ்சதும் போயிடலாம்.”

ஒரு மணி நேரம். பெரியவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது எங்கள் ஊரில் அடிக்கிறதுக்குச் சமம். தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் மரியாதையாக முழுகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெறுமனே கத்தினால் இவர்கள் நம்பப்போவதில்லை. நம்ப வைக்க பார்தினாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் நாளையிலிருந்து அவளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? வாசலைப் பார்த்தாள். தன் வண்டியில் நாற்காலிகள் கொண்டுவந்திருந்த ஹண்டோகோ, சத்தம் கேட்டு நிலைப்படியில் வந்து நின்றிருந்தான்.

அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“சுரத்மின் அஞ்சு நிமிஷத்துல போகல. நான்தான் பொய் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் உசுரோட இருந்தாரு. இதே மாதிரிதான் முதுகு சிவக்கல. இதே மாதிரிதான் வேர்வை. நான் விடாம சுரண்டிக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு. என் கையாலதான் அவரு போனாரு.”

வெளியே யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

“எடது கை மரத்துப் போச்சுன்னாரு. தாடை வலிக்குதுன்னாரு. பல்வலியா இருக்கும்னு கிராம்ப வச்சு விட்டேன், பாவி.”

பாக் முல்யோனோவின் கை மெல்ல எழுந்து தாடையைத் தொட்டது. தாடை வலியை அவர் காலையிலிருந்து யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் பல்வலியை ஒரு பேச்சாக எடுப்பானேன் என்று இருந்துவிட்டார்.

“ஹண்டோகோ,” என்றார், குரல் பள்ளிக்கூடக் குரலாக இல்லை. “வண்டிய எடுப்பா.”

முதல் அகப்பையைப் பெண்ணின் பெரியப்பா ஊற்றட்டும் என்று இபு ரெத்னோவே சொல்லிவிட்டாள். அலங்காரக்காரி அகப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

இருபது நிமிஷப் பாதை. முன்சீட்டில் பார்தினாவின் தோளில் சாய்ந்திருந்தவரின் மூச்சு பாதி வழியில் இழுத்து இழுத்து வந்தது. “பேசுங்க பாக், என்னைத் திட்டவாவது செய்யுங்க,” என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அவர் கன்னத்தைத் தொட அவளுக்குத் துணிச்சல் வந்திருக்காது. ஹண்டோகோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தபோதுகூட, நேரே பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அவனுடைய அந்த மௌனமும் பக்கத்திலிருந்த மூச்சும் சேர்ந்து அவளைக் கொன்றுகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். பார்தினா எண்ணெய்க் கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு டாக்டர் வந்து, பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த இபு ரெத்னோவிடம், அடைப்பு இளகிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார். இபு ரெத்னோ பார்தினாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஹண்டோகோ உள்ளே வரவேயில்லை. வெளியே வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். பார்தினா போய் எதிரில் நின்றாள்.

“பொழைச்சிட்டாரு, லே.”

தலையசைத்தான்.

“என்னைத் திட்டுடா. நாலு அறை வேணும்னாலும் அறை. பேசாம மட்டும் இருக்காத.”

“ஒன்றரை மணி நேரமா, மாக்?” என்று அம்மாவைக் கேட்டான்.

“ஆமா.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னிக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, வண்டியக் கொண்டான்னாரு. பாதி லோடு ஏத்தியிருந்தேன். காத்தாத்தான் இருக்கும், மாக் கிட்ட சொல்லி சுரண்டிக்குங்கன்னு நான்தான் சொன்னேன். கால் மணி நேரத்துல வந்திருப்பேன்.”

முப்பது வயது ஆண்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அன்று சுரத்மின் தானாகவே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது பார்தினாவின் கண்ணில் ஓடியது. நடுவில் அவள் பயந்து, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டபோது, “வேண்டாம், பையன் சொல்லிட்டான், இது போதும்,” என்றார். ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்திருந்தாள்.

“அப்பா கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா, மாக்?”

“ஒண்ணும் சொல்லலடா,” என்றாள் பார்தினா. அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.