என் வீட்டுக்காரர் கட்டிய தூண்டில் வளைவு

என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினர் ஆனதில் எங்களைவிட அவர் கட்சிக்குத்தான் ஆச்சரியம் அதிகம். எங்கள் தொகுதியில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி ஆளுக்கு சீட்டு கொடுத்தால் மறு கோஷ்டி உள்ளடி வேலை செய்து தோற்கடித்துவிடும். அதனால் எந்தக் கோஷ்டியிலும் இல்லாத ஒருத்தரைத் தேடினார்கள். இவர் இரும்பும் சிமெண்டும் விற்கிற கடைக்காரர். இரண்டு கோஷ்டித் தலைவர்களின் வீடுகளுக்கும் எங்கள் கடைச் சிமெண்ட்தான் போயிருந்தது. இரண்டு வீடும் இன்னும் விரிசல் விடவில்லை. அதையே தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் பனங்காட்டுப் பக்கம். கடல் பக்கத்தில்தான் என்றாலும், எங்களுக்குக் கடல் என்றால் மீனும் உப்புக்காற்றும்தான். மீனைக் கொண்டுவருகிறவள் கடற்கரைக் கிராமத்துக்காரி ஒருத்தி. கூடையை இறக்கிவைத்துவிட்டு, விலையைச் சொல்வதற்கு முன்பே ஊர்க்கதையை ஆரம்பித்துவிடுவாள். அவள் வீடு கடலுக்கு முதல் வரிசையில் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு வரிசை இருந்ததாம். அதைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இவர் அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்கப் போனபோது அவள்தான் முன்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தூண்டில் வளைவு மட்டும் போட்டுத் தாங்க."

"ஜெயிச்சதும் மொத வேலை உங்க வளைவுதான்" என்றார் இவர்.

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி நீட்டுகிற தடுப்பு. அலையின் வேகத்தை உடைத்து, மண் அரிப்பைத் தடுக்கும். தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வளைவு என்றதும் இரும்புக்கடைக்காரருக்குக் கண்ணில் தெரிந்தது ஊர் நுழைவாயிலில் நிற்கிற வரவேற்பு வளைவு.

ஜெயித்தார். முதல் வருஷம் முழுக்க அவர் செய்த சட்டமன்றப் பணி மேஜையைத் தட்டியது. வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் தட்டிப் பழகினார். எங்கள் தலைவர் பேசும்போது கை ஓய்ந்தால் கட்சிக் கொறடா திரும்பிப் பார்ப்பாராம். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் உள்ளங்கை சிவந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது. "என் தொகுதியில் தூண்டில் வளைவு அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் பதில் சொன்னார். அன்று சாயங்காலமே எனக்கு போன்.

"ஏளா, பரிசீலிக்கேன்னு சொல்லிட்டாரு!"

பரிசீலனை நடந்துகொண்டே இருந்தது. இவருக்குப் பொறுக்கவில்லை. கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று எங்கள் கடைக் கம்பியையும் சிமெண்டையும் ஏற்றி அனுப்பி, அந்த ஊருக்குத் திரும்புகிற ரோட்டில் தானே வளைவு கட்டத் தொடங்கினார். இரண்டு தூண்கள், உச்சியில் ஆள் உயரத்துக்கு சிமெண்டில் ஒரு தூண்டில் முள், இரண்டு பக்கமும் துள்ளுகிற மீன், நடுவில் 'வருக வருக'. மீனுக்கு வெள்ளிப் பெயிண்ட் நானே எடுத்துக் கொடுத்தேன்.

வேலை நடக்கும்போதே மீன்வள மானியக் கோரிக்கை விவாதம் வந்தது. இவர் எழுந்து, "அரசு தந்தாலும் தராவிட்டாலும், என் மக்களுக்கு என் சொந்தச் செலவில் தூண்டில் வளைவு அமைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். அமைச்சர் அசந்துபோய், "அரசே தயங்குகிற பணியைத் தனி ஒருவராகச் செய்யும் உறுப்பினரைப் பாராட்டுகிறேன்" என்றாராம். இந்தத் தடவை மற்றவர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். பேண்டு வாத்தியம், பொன்னாடை, வெடி. ஊர்க்காரர்கள் கழுத்தை நிமிர்த்தி அந்தத் தூண்டில் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை. மீன்காரி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, கடலு இந்த வழியாத்தான் ஊருக்குள்ள வரணும்னு 'வருக வருக'ன்னு எழுதிப்போட்டிருக்கா?"

அவள்தான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். நான் இவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். போட்டிருந்த பொன்னாடையோடு அப்படியே காருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன நாளும் ஒரு பயலும் சொல்லலியே" என்றார், ஊர்க்கமிட்டித் தலைவரைப் பார்த்து.

"அழகுக்கு மொதல்ல இதக் கட்டிட்டு, பொறவு கல்லு போடுவியன்னு நினைச்சோம் அண்ணாச்சி" என்றார் அவர். ஓட்டு வாங்கிப் போன ஒருத்தருக்கு தூண்டில் வளைவு தெரியாமல் இருக்கும் என்று அந்த ஊரில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை பார்வையாளர் மாடத்தில் நானும் இருந்தேன். அமைச்சர் சிரித்துக்கொண்டே, "அங்கே தூண்டில் வளைவு அமைத்துவிட்டதாக உறுப்பினரே கூறியிருக்கிறார். அவைக்குறிப்பில் உள்ளது" என்றார்.

"நான் கட்டினது அலங்கார வளைவுங்க. விவரம் தெரியாம சொல்லிட்டேன். நான் ஒரு மடையன்" என்றார் இவர்.

சபையே சிரித்தது. பேரவைத் தலைவர் மணியடித்தார். மாண்புமிகு உறுப்பினரை மடையன் என்று சொல்வது அவையின் மாண்புக்குக் குறைவு என்று கூறி, அந்தப் பேச்சு முழுவதையும் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். சட்டமன்றத்தில் இவர் பேசிய ஒரே உண்மை அப்படிப் போயிற்று. பொய் மட்டும் பத்திரமாக அச்சில் இருந்தது.

ஊருக்குத் திரும்பியபின், மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் கடைக்கு வந்தார். பெயிண்ட் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னார்:

"இல்லைன்னு கேட்டா குறிப்பு இடிக்கும் சார். இருக்கு, ஆனா பழுதாயிட்டுன்னு கேளுங்க. சீரமைப்புன்னு பைல் நகரும்."

"ஒரு பொய்யத் திருத்தப் போயி இன்னொரு பொய் சொல்லச் சொல்லுதியளே" என்று இவர் கோபப்பட்டு அனுப்பிவிட்டார்.

ஆடிக் காற்றில் மீன்காரியின் அடுப்படிச் சுவர் கடலோடு போனது. நாங்கள் போனபோது அவள் கோயில் வராந்தாவில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள். இவரால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்து சென்னை போனதும் எழுந்து நின்று, "என் தொகுதியில் பழுதடைந்துள்ள தூண்டில் வளைவைச் சீரமைக்க வேண்டும்" என்றார். அமைச்சர் உடனே ஒப்புக்கொண்டார்.

கல் லாரிகள் வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. அவையில் கட்சியைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்தவர் என்று இவருக்கு சீட்டு இல்லை. புதிதாக ஜெயித்து வந்தவர்தான் கல் வளைவைத் திறந்துவைத்தார். தன் விடாமுயற்சியால் சீரமைக்கப்பட்டது என்று மைக்கில் பேசினார். நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாய் நின்றோம்.

எல்லாரும் போனபின் மீன்காரி எங்களைக் கல்லின் மேல் கூட்டிப் போனாள். "வழுக்கும் அண்ணாச்சி, செருப்பக் கழத்துங்க" என்றாள். இவர் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாய்க் கால் வைத்து நுனி வரைக்கும் போனார். வெளிப்பக்கம் அலை மோதித் தெறித்தது. உள்பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது.

"ஏளா, இங்கன வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் போனேன்.