சௌந்திரத்தின் மூத்தாள்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே பூவன் வாழைத் தோட்டம் வைத்திருந்த மயில்சாமிக்கு நாலாந்தாரமாகப் போக ஒப்புக்கொண்டபோது சௌந்திரம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். மூணாந்தாரம் உயிரோடு இருக்கக் கூடாது.

ஆட்டையாம்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் இதைக் கேட்டு யாரும் திடுக்கிடவில்லை. மயில்சாமியின் முதல் மனைவி காலராவில் போனாள். இரண்டாமவள் குளிர்காய்ச்சலில் போனாள். இரண்டு பேரைப் பறிகொடுத்தவனுக்கு மூன்றாவதும் தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் மூன்றாவதாக ஓர் எருக்கஞ்செடிக்கோ வாழைக்கோ தாலி கட்டி, கட்டிய கையோடு வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். வரவேண்டிய சாவு செடியோடு போய்விடும். அடுத்து வருகிறவள் நூறு வயது இருப்பாள்.

"எருக்கே போதும்" என்றார் கல்யாணம் நடத்தி வைக்கும் அருமைக்காரர்.

"எருக்கைக் கட்டிக்கிட்டு நாலு பேரு முகத்துல எப்படிங்க முழிக்கறது? நம்ம தோட்டத்துலயே பாத்துக்கலாமுங்க" என்றான் மயில்சாமி.

பார்க்கவும் பார்த்தான். இந்த வாழை கொஞ்சம் கூனல், அந்த வாழைக்கு இலை கிழிசல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, இன்னும் குலை தள்ளாத, நல்ல வாட்டசாட்டமான கன்னி வாழை ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். "என்னைப் பார்க்க வந்தபோது தலையைக் குனிந்தபடி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போன மனுஷன்" என்று சௌந்திரம் பின்னாளில் சொல்லிக்காட்டுவாள்.

வெட்டுக்குப் பெண் வீட்டுச் சாட்சி அவளுடைய தாய்மாமன் கந்தப்பன். அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஓடின என்று சொல்வது மரியாதைக்குத்தான். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கந்தப்பன் தள்ளித் தள்ளி, முகமெல்லாம் கரியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. தாலி கட்டு முடிந்ததும் அருமைக்காரர் கிளம்பிவிட்டார். வாழ்த்துகிற வாயோடு வெட்டுவதைப் பார்க்கக் கூடாதாம். கீழே ஒரு வாழை வெட்டுப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் மயில்சாமி ஈர வேட்டியோடு நின்று கேவிக்கேவி அழுதுகொண்டிருந்தான்.

கந்தப்பன் மனம் இளகிவிட்டது. "அம்மிணி, மாப்பிள்ளை சொக்கத் தங்கம். வாழைக்கே அந்த அழுவை அழுவறாரு. உனக்கு எப்படி அழுவாருன்னு நெனைச்சுப் பாரு" என்று வந்து சொன்னார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

மயில்சாமி அதிர்ந்து பேசாத மனிதன். ஒரே ஒரு பழக்கம்தான் சௌந்திரத்துக்குப் பிடிபடவில்லை. கோழி கூவியதும் எழுந்து, மாட்டுக்குத் தீனி கூடப் போடாமல் தோட்டத்துக்குப் போய்விடுவான். அங்கே களையெடுக்க வரும் பாப்பாயிதான் ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு ஒரு வாழைகிட்ட நின்னு தெனமும் என்னமோ பேசிக்கிட்டிருக்காருங்க."

"என்னத்தைப் பேசறாரு?"

"உங்களைப் பத்தித்தானுங்க. புளிக்கொழம்புல உப்பு சாஸ்தியாமுங்க."

சௌந்திரம் இதை மனதில் போட்டு வைத்தாள். பங்குனியில் மாரியம்மனுக்குப் பூத்தொடுக்க நார் உரிக்கத் தோட்டத்துக்குப் போனாள். நல்ல பருமனான வாழை ஒன்றின் காய்ந்த சருகைப் பிடித்து இழுத்தாள். சருகோடு மஞ்சள் கயிறு ஒன்று வெளியே வந்தது. முனையில் மஞ்சள் கிழங்கு. தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கயிறும் ஒரே கண்டில் வாங்கியவை.

"ஏனுங்க! இப்படி வாங்க. இது ஆருங்க?"

வாய்க்காலில் நின்ற மயில்சாமி மண்வெட்டியைக் கீழே போட்டான். பயத்தில் மனைவிக்கே 'ங்க' போட்டான். "முன்னால இருந்தவங்க ரெண்டு பேரும் தானாப் போனாங்கங்க. இதை என்ற கையால வெட்டோணும்னா... கை வரலைங்க. பக்கத்துல நின்னதை வெட்டிப்போட்டேனுங்க."

"அது ஆரு?"

"அது சும்மா நின்னுது."

"அப்ப எமன் கணக்குல மூணாவதா நிக்கறது நானா?" சௌந்திரத்துக்கு வயது இருபத்திரண்டு, சாக மனமில்லை. ஓடிப்போய் அரிவாளை எடுத்து வந்தாள். ஓங்கியவள், எங்கே வெட்டுவது என்று மேலே பார்த்தாள். உச்சியில், சுருண்ட இலைக்கு நடுவே, செக்கச்செவேலென்று பூ மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அரிவாள் இறங்கிவிட்டது. குலை தள்ளிய வாழையை அவள் வீட்டில் யாரும் வெட்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சியை வெட்டுவதும் அதுவும் ஒன்று.

"முத்தற வரைக்கும் பொழைச்சுப் போ" என்றாள் வாழையைப் பார்த்து.

அன்று முதல் அவளுக்கு நிம்மதி போயிற்று. தும்மினாலும் வாழை, காலில் முள் குத்தினாலும் வாழை. குலை சீக்கிரம் முத்தினால் சீக்கிரம் தீர்த்துவிடலாம் என்று சாணி எருவும் அடுப்புச் சாம்பலுமாகக் கூடை கூடையாகச் சுமந்து அதன் காலடியில் கொட்டினாள். பாப்பாயி வாய்வழியாகச் சேதி பரவி, ஊரில் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "மூத்தாளை இளையாள் இப்படித் தாங்கறதை எங்கீங்க கண்டோம்?" என்று கிணற்றடியில் பெண்கள் மெச்சினார்கள். சௌந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வைகாசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இரண்டாமவளைக் கொண்டுபோன அதே காய்ச்சல். வீட்டிலிருந்த கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. மயில்சாமி திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா மாத்திரை வாங்கி வந்தான். நிலவேம்புக் கசாயம் காய்ச்சினான். குளிர் விட்டு விட்டு வந்தது. ஒரு மத்தியானம் அவனுக்குத் தைரியம் அற்றுப்போய், கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவினான்.

"வெட்டிப்போட்டு வாரேன், சௌந்திரம்." கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எல்லாம் என்னாலதான்."

சாக்குக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. "காய் எப்படி இருக்குது?"

"காயா? இன்னும் பட்டை விழுந்துதான் கெடக்குது. தெரளலை."

"இப்ப வெட்டினாப் பழுக்குமா?"

"வெம்பிப் போயிரும்."

"எத்தனை சீப்பு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு சீப்பா!" பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்தாள். "எருச் சொமந்து சொமந்து என்ற மண்டை தேஞ்சு போச்சு. அதைத் தொட்டீங்கன்னாத் தெரியும் சேதி. அரிவாளை வெச்சுப்போட்டுக் கசாயத்தைக் கொண்டாங்க."

"நீ போயிட்டீன்னா?"

"போனாப் போறேன். வெம்பின குலை மூஞ்சியில முழிக்கறதுக்கு அது தேவலை."

அவள் போகவில்லை. மாத்திரைக்கோ கசாயத்துக்கோ, காய்ச்சல்தான் போயிற்று. தேறி எழுந்தவள் தடியை ஊன்றிக்கொண்டு முதலில் தோட்டத்துக்குத்தான் நடந்தாள். மூணாந்தாரம் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றது. நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன், பிறகு எதற்காகப் பயந்தோம் என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு கவைக்கொம்பு தேடி முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆனியில் குலை முத்தியது. வெட்டி இறக்கினார்கள். குலை இறங்கிய வாழையை விட்டு வைத்தால் பக்கக்கன்றுகள் தேறாது. அது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற வேலை. மயில்சாமி தாலிக் கயிற்றை அவிழ்க்கப் போனான். சௌந்திரம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சுமங்கலியாப் போறா. கெடக்கட்டும்." தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வாழைக்கு வைத்தாள். "நீங்க அக்கட்டால திரும்பி நில்லுங்க."

ஒரே வெட்டு.

மயில்சாமி தலை முழுகிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பழுத்ததும் பழம் ஊரெல்லாம் போயிற்று. பாப்பாயி வீட்டுக்கு ஒரு முழுச் சீப்பு. அவன் மட்டும் வாயில் வைக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

வெட்டிய மறுநாளே, கோழி கூவிய நேரத்தில் அவன் பாய் காலியாகக் கிடந்தது. சௌந்திரம் கொண்டையை முடிந்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள். வெட்டிய அடிமரத்தைச் சுற்றி நின்ற கன்றுகளுக்கு அவன் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"புள்ளைங்களுக்குத் தண்ணி..." என்று இழுத்தான்.

"அப்ப நான் இதுகளுக்குச் சின்னாத்தாளாக்கும்?"

சௌந்திரம் இடுப்பில் கை வைத்துக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்தக் கடைசிக் கன்னுக்குத் தண்ணி பாயவே இல்லை பாருங்க. சின்னாத்தா பட்டினி போட்டுட்டான்னு நாளைக்கு ஊரு என்னையல்ல பேசும்!" என்று மண்வெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.