எண்ணெய் தாங்காத பாதி

தொண்ணூறுகளின் நடுவில் ஜாதவ்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். மாடியில் கணினி, அது என் இடம். கீழே இயந்திரம், அது அவருடையது. சுழலும் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மயிரிழை கனத்துக்கு எண்ணெய் நிற்கும். அதற்குள் எங்கே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு உராய்வு என்று கணினி கணக்குப் போடும். இவ்வளவு எடை தாங்கும் என்று மாடியிலிருந்து சொன்னால், கீழே அந்த எடையை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஓட்டும்போது பேரிங் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். சூடும் அதிர்வும் கைக்குத் தெரியுமாம். தெர்மாமீட்டர் எதற்கு இருக்கிறது, அழகுக்கா என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

கணினிக்கு அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். எங்கள் எல்லாருக்கும் தாதா, அந்த ஊர்ப் பேச்சில் அண்ணன். கணினி ஒரு சுற்று கணக்குப் போடும், விடையைக் கொஞ்சம் திருத்தும், மறுபடி போடும். அடுத்தடுத்த இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் அற்பமானால், முடிந்தது என்று நின்றுவிடும். ஒரு முறை எடை அதிகம், விடை தறிகெட்டு ஓடியது. போதாக்குறைக்கு லோட்ஷெடிங், மணிக்கொரு மின்வெட்டு. தாதா பொறுமையிழந்து, ஒவ்வொரு சுற்றிலும் திருத்தும் அளவை மிகமிகச் சிறியதாக்கிவிட்டார். உடனே முடிந்தது என்று வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். கீழே தகவலும் போய்விட்டது.

வரைபடம் போடுவது என் வேலை. போடும் முன் சும்மா அந்த அழுத்தத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். கீழே ஏற்றும் எடைக்குச் சமமாக வர வேண்டும், அதில் பாதிகூட வரவில்லை. திரும்பக் கூட்டினேன், அதேதான். அப்போதுதான் உறைத்தது. கணக்கு முடியவே இல்லை. அரை அடி நகர்ந்துவிட்டு ஊர் வந்துவிட்டது என்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் தாங்காவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஷாஃப்ட் பேரிங்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பேரிங்கோடு சேர்ந்து, எடை தொங்கும் இரும்புக் கை அப்படியே சுழன்று அடிக்கும். அது அடிக்கும் பக்கத்தில்தான் இவர் நிற்பார்.

தாதாவிடம் சொன்னேன். கணினியே முடிந்தது என்கிறது, நீ எதற்குப் பதறுகிறாய் என்றார். வாய்க்கு வந்ததைத் தமிழிலேயே திட்டிவிட்டு ஓடினேன். படியில் இறங்கும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. எந்த நிமிடம் அந்தச் சத்தம் மாறுமோ என்றுதான் காது முழுக்க.

கடைசி எடையும் ஏறியிருந்தது. அவர் கை மூடியின் மேல். கத்தினேன், கேட்கவில்லை. பாய்ந்து, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சை அழுத்தினேன்.

"என்ன, பைத்தியமா உனக்கு?"

"கைய எடுங்க. மொதல்ல கைய எடுங்க."

பின்னாலேயே வந்த தாதா, ஒரு நாள் வேலை பாழ் என்று முணுமுணுத்தார். ஆறிய பிறகு மூடியைத் திறந்தார்கள். உள்ளே பேரிங்கின் உலோகப் பூச்சு ஒரு பக்கம் உருகி இழுபட்டிருந்தது. தாதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அன்று வீடு திரும்ப லேக் கார்டன்ஸ் போகும் மினிபஸ்ஸில், நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படும் மனிதர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூடியின் மேல் வைத்திருந்த அதே வலது கைதான். கண்டக்டர் வந்து நின்றபோதும் விடவில்லை. பேன்ட்டின் வலது பக்கப் பையை இடது கையால் துழாவி, சில்லறை எடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார்.