கழுதைகள் குடித்த இடம்

நான் மணலைப் படம் எடுக்கத் தொடங்கியது களவாகச் செய்த ஒரு வேலையை மறைப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் நான் சொல்லவே மாட்டேன். என் குணம் அப்படி.

சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமில் கிடந்த பதினாறு வருடத்தையும் இரண்டு பெட்டிக்குள் கட்டிக்கொண்டு, நானும் மனைவியும் தலைமன்னாருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பழைய காணிக்குத் திரும்பியிருந்தோம். காணி என்று காட்ட ஓர் உடை மரமும் மணலும்தான் மிஞ்சியிருந்தன. தகரம் போட்ட ஏழு வீடுகள். எங்களைப் போல முகாமிலிருந்து வந்தவர்கள் நான்கு வீடு, புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் மூன்று. ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஒரு தொண்டு நிறுவனம் சிமெந்து வளையங்களால் கொட்டு இறக்கிக் கட்டித் தந்தது. அதில் நல்ல தண்ணீர் வந்தது. உப்பில்லாத தண்ணீரைத்தான் நாங்கள் நல்ல தண்ணீர் என்போம். அது வந்த அன்று பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தது இப்போதும் கேட்கிறது.

கிணறு கட்டிய மேசன் போகும்போது என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

“அண்ணை, இந்தத் தீவில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல பாலாடை மாதிரித்தான் கிடக்குது. கொட்டுக்குக் கீழ தோண்டினா ஆடை கிழிஞ்சு போகும். வத்தினா வத்தட்டும், மாரி வரும். கை மட்டும் வைக்காதேங்கோ.”

ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வருவாள். தண்ணீர் மட்டத்தைத் தினமும் குறித்துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னிடம் ஒரு கொப்பியை நீட்டினாள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனையைப் பிடித்தால் விரல் வியர்க்கும். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“எழுதத் தேவையில்லை அண்ணை, படம் எடுத்தாக் காணும்” என்று ஒரு சின்னக் கமராவைத் தந்தாள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய நீண்ட தடி ஒன்றும் தந்தாள். காலையில் அந்தத் தடியைக் கிணற்றின் அடி முட்ட இறக்கி, தூக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒரு படம். அவ்வளவுதான் வேலை. “இந்தக் குப்பை வாளி போட்ட பொத்தானை மட்டும் அமத்திப் போடாதேங்கோ. எல்லாம் அழிஞ்சு போகும்.”

அந்த வேலையை என்னிடம் தந்ததுதான் பிழை. பயந்தவன் கையில் அளவுகோல் கொடுக்கக்கூடாது. வறண்ட சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் தடியில் ஈரம் விரல் விரலாகக் கீழிறங்கியது. காலையில் ஒரு தரம் பார்க்க வேண்டியதை மத்தியானமும் பார்த்தேன், பின்னேரமும் பார்த்தேன். முகாமில் தண்ணீர் லொறி வராத நாட்களில் வெறும் குடங்கள் வரிசையில் வெயில் காயும். அந்த வரிசை என் கண்ணுக்குள் நின்றது.

“நீங்கள் தடியைப் பாத்துப் பாத்தே தண்ணியை வத்தப்பண்ணப் போறியள்” என்றாள் மனைவி.

ஆவணியில் மடுத் திருவிழா வந்தது. ஊருக்கு உயிரோடு திரும்பினால் மடுவுக்கு நடந்து வருவேன் என்று மனைவி முகாமில் வைத்து மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். அவளுக்குக் காலில் வீக்கம். வெயிலில் எங்காவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்து, பயத்தை அவளுக்கும் ஏற்றி, பஸ்ஸில் போக வைத்தேன். அரை மனதோடு ஏறினாள். எங்கள் நான்கு வீட்டாரும் போனார்கள். அதே கிழமை முஸ்லிம் குடும்பங்கள் மறிச்சுக்கட்டியில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டன. அவர்களில் பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் மூத்தவர், தன் ஆடுகளை என்னிடம் ஒப்படைத்தார். வீடுகளுக்குக் காவலாக நான் மட்டும் நின்றேன்.

அன்று காலை தடியில் ஈரம் இரண்டு சாணுக்கும் குறைவு. மத்தியானம் மண்வெட்டியும் வாளியும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். இறங்கும்போது மேசன் சொன்னது காதில் கேட்டது. கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஒரு சாண் மட்டும் என்று தொடங்கி இரண்டு முழம் தோண்டினேன். தண்ணீர் கலங்கிக்கொண்டு தொடைவரை ஏறியது. அழுகை வந்தது, சந்தோஷத்தில். மறுநாள் காலை பழக்கத்தில் தடியை இறக்கிப் படமும் எடுத்துவிட்டேன். அதுதான் கடைசித் தடிப் படம்.

இரண்டு நாள் கழித்து எல்லோரும் திரும்பினார்கள். மடுவுக்குப் போனால் கோவில் மண் ஒரு பிடி கொண்டுவருவது எங்கள் வழக்கம். மனைவி சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த மண்ணை, எங்கள் கிணறு வற்றக்கூடாது தாயே என்று சொல்லிக் கிணற்றுக்குள் தூவினாள். மறுநாள் விடிய நானா தேத்தண்ணிக் கோப்பையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“தம்பி, எங்கட வீட்டில உப்புப் போத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் சண்டை போல. உங்கட வீட்டிலயும் அப்பிடியோ?”

நான் பதில் சொல்வதற்குள் மனைவி உள்ளே போய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தாள். அப்படியே குந்திவிட்டாள்.

“நடந்து வாறன் எண்டு சொல்லிப்போட்டு பஸ்ஸில போனனான். மாதா மண்ணை ஏற்கேல்லை” என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டாள். பின்னேரத்தில் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். ஏழு வீட்டுப் பெண்களும் குடிக்கும் தண்ணீருக்கு வெயிலில் பேசாலைப் பக்கம் போய்வந்தார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். நான் பாத்திரம் கழுவினேன், ஆடு கட்டினேன், அவள் கேட்காத வேலையெல்லாம் செய்தேன். உண்மையைத்தான் சொல்ல முடியவில்லை.

என் பயம் இப்போது கமராவுக்குள் இருந்தது. தோண்டிய நாளின் படத்தில் ஈரம் இரண்டு சாண், அடுத்த நாள் படத்தில் நான்கு சாணுக்கு மேல். மாரி இல்லாமல் தண்ணீர் ஏறுமா? அந்தப் பிள்ளை பார்த்த உடனே பிடித்துவிடுவாள். அழிக்கும் பொத்தானைத் தொட்டால் எல்லாம் போய்விடும், பிறகு அதற்கும் காரணம் சொல்லவேண்டும். என் பழைய கைபேசியில் செய்திகள் நிரம்பினால் பழையது தானாகப் போய்விடும். கமராவும் அப்படித்தான் என்று நினைத்தேன். நிறையப் படம் எடுத்து நிரப்பினால் அந்த இரண்டு படமும் அடியால் விழுந்துவிடும்.

எதை எடுப்பது? மணல்தான் இருந்தது. விடியலில் எழுந்து, வீடுகளுக்குப் பின்னால் உள்ள மணல் மேடுகளுக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் அமத்தினேன்.

முதல் கிழமை எதையும் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். பிறகு ஒரு காலை, நேற்று எடுத்த மேட்டைத் தேடினேன், காணவில்லை. காற்று இரவோடிரவாக அதைக் கரைத்துப் பத்தடி தள்ளி வேறு வடிவத்தில் வைத்திருந்தது. மேலே கோடு கோடாக, ஒன்றோடொன்று முட்டாமல், மீன் செதில் போல. நான் ஒரு கால் வைத்தால் கெட்டுவிடும். கால் வைக்காமல் நின்றேன். அப்படி நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு கண்ணில் படத் தொடங்கியது. இராவணன் மீசைப் புல்லின் முள்ளு உருண்டைகள் காற்றில் ஓடி, நின்று, யோசித்து, மறுபடி ஓடின. சுடுமணலில் அடம்பன் கொடி ஊதாவாகப் பூத்திருந்தது. வாளி பிடித்து ஒருவரும் ஊற்றவில்லை. நண்டு போட்ட புள்ளிக் கோலம் வெயில் ஏறுமுன் அழிந்தது. பூநாரைகள் வர இன்னும் நாள் கிடந்தது. அவை வராத உப்பு வெட்டையும் வெள்ளைத் தட்டுப் போல மின்னிக்கொண்டு தன்பாட்டில் கிடந்தது. நான் கவலைப்பட்டதால் இதில் ஒன்றும் நடக்கவில்லை. நான் கவலைப்படாவிட்டால் நின்றுவிடப்போவதும் இல்லை. அதை நினைத்து ஆறுதல் வந்தது என்று சொல்லமாட்டேன். கைகள் வெறுமையாகத் தொங்கின, அவ்வளவுதான்.

நான் ஞானஸ்நானம் பெற்றவன், பூசை காணாத ஞாயிறு குறைவு. ஆனால் என் செபமெல்லாம் பேரம். இதைக் காப்பாற்று, அந்தோனியாருக்கு மெழுகுதிரி. அதைத் தடுத்துவிடு, மடுவுக்கு ஒரு நடை. கேட்காமல் ஆண்டவரிடம் பேசவே எனக்குத் தெரியாது.

புரட்டாதி முடியும் நேரம். இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் மூன்று கழுதைகள் நின்றன. மன்னாரில் தெருவெல்லாம் கழுதைதான், அதற்கு யார் கமராவைத் தூக்குவார்கள்? எண்ணிக்கைக்காகத் தூக்கினேன். பெரிய கழுதை முன்னங்காலால் மணலை விறாண்டியது. விறாண்டும், நிற்கும், மூக்கை விடும். மறுபடி விறாண்டும். ஒரு முழம்கூட இருக்காது. பிறகு விறாண்டுவதை நிறுத்திவிட்டுக் காத்து நின்றது. காத்து நின்றுவிட்டுக் குடித்தது. குடித்துவிட்டு விலகியது. அடுத்தது வந்து காத்து நின்றது.

அவை போனபின் கிட்டப் போனேன். குழிக்குள் உள்ளங்கையளவு தண்ணீர். நான் பார்க்கப் பார்க்க மணலுக்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம் ஊறியது. கையில் ஏந்திக் குடித்தேன்.

நல்ல தண்ணீர்.

முழங்காலில் விழுந்தேன். நேர்த்தி ஒன்றும் வாயில் வரவில்லை. கிணறு நல்லாக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன், மறந்துபோனேன். “ஆண்டவரே, நீர் இங்கதான் நிண்டனீரோ” என்று மட்டும் சொன்னேன். இந்த ஒரு முழத்தில், கழுதைக்கும் எட்டுகிற ஆழத்தில் இருந்ததைத்தான் நான் கீழே கீழே என்று தோண்டிக் கெடுத்திருந்தேன். கோவிலில் எத்தனை தரம் முழங்காலில் நின்றிருப்பேன். எனக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது அந்தப் பள்ளத்தில்தான். பயம் போகவில்லை. பயத்தோடேயே அங்கே இருக்க முடிந்தது.

வீட்டுக்குப் போய்க் கமராவை மனைவியின் கையில் கொடுத்தேன். “இந்தப் பொத்தானை அமத்து. பின்னுக்குப் பின்னுக்குப் போகும். தடி வாறமட்டும் போ.”

கழுதையைப் பார்த்துச் சிரித்தாள். “உங்கட சொந்தக்காரரோ?” என்றாள். அடம்பன் பூவில் கொஞ்சம் நின்றாள். மணல், மணல், நண்டு, மணல். பிறகு தடி. ஒரு தடியிலிருந்து மறு தடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அவளும் தினம் அந்தத் தடியைப் பார்த்தவள்தானே. விளங்கிவிட்டது.

“நாங்கள் மடுவுக்குப் போன அண்டைக்கோ?”

“ஓம்.”

“எத்தினை நாள் நான் ஒருநேரச் சாப்பாட்டோட கிடந்தனான்?”

“ஏழு கிழமை.”

“எண்ணி வைச்சிருக்கிறியள்” என்றாள். அதைவிட ஓர் அடி அடித்திருக்கலாம்.

பிறகு எழுந்து குடத்தை இடுப்பில் வைத்தாள். “கழுதை குடிச்ச இடத்தை வந்து காட்டுங்கோ. அதுக்கு முதல் மிச்ச ஆறு வீட்டுக்கும் போய் உங்கட வாயால சொல்லிப்போட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்.”

நானா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “ஆட்டுக்கு உங்களைக் காவல் வைச்சனான் தம்பி. உங்களுக்கு ஆரையும் வைக்காமப் போனது என்ர பிழைதான்” என்றார். பிறகு சிரிக்காமல், “பொம்பளையள் வெயிலில நடந்த நடையை நினைச்சுப் பாருங்கோ” என்றார். நினைத்துப் பார்த்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஆண்கள் எல்லோருமாகச் சேர்ந்து நான் தோண்டிய இரண்டு முழத்தையும் மேட்டு மணலால் நிரப்பினோம். கழுதைக் குழிக்குப் பக்கத்தில் அதே ஆழத்தில் இன்னொரு குழி எடுத்தோம். காலையில் இரண்டு குடம்தான் ஊறும். சிரட்டையால் அள்ளி, பொறுத்திருந்து, மறுபடி அள்ளவேண்டும். பிள்ளைகளுக்குக் குடிக்க அது போதும். கழுதைகளின் குழியை அவற்றுக்கே விட்டோம்.

நிறுவனத்துப் பிள்ளை வந்து கமராவைப் பார்த்தாள். “இதென்ன அண்ணை, எங்களுக்கு முழு மணலையும் அனுப்பிப் போட்டியள்!” அவளிடமும் சொன்னேன். பழைய படங்கள் ஒருநாளும் தானாக விழாது, இன்னும் பாதிகூட நிரம்பவில்லை என்றாள். கிணற்றுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். “செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை அண்ணை. மாரி பெய்ய வேணும். ஒரு மாரியில உப்பு இறங்கலாம், மூண்டு மாரியும் எடுக்கலாம், இறங்காமலும் போகலாம்.” கமராவை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் மழை வந்தது. நன்றாகத்தான் பெய்தது. மழை விட்ட காலைகளில் மனைவி ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, வாயில் வைத்துப் பார்ப்பாள். உடனே சொல்லமாட்டாள். என்னை நிற்க வைப்பாள். அது எனக்குரிய தண்டனை, நான் நிற்பேன்.

ஒருநாள் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாள்.

“உப்புத்தான். நேத்தைய அளவுக்கு இல்லை” என்றாள்.

உண்மையாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. வாளி எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அரைவாசித் தண்ணீரோடு. நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. கமராவை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தேன்.