அளவெடுக்க வருகிறவள்

குத்தாலத்தில் எந்த வீட்டுக்குப் போவதானாலும் எழில்மொழி ஸ்கூட்டியைக் கடைத்தெருவிலேயே நிறுத்திவிடுகிறாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, தையல் டேப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். மனநல ஆலோசனையில் முதுகலை படித்து, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு தேடிப் போகிறவள். தெருவுக்கு மட்டும் பிளவுஸ் அளவெடுக்கும் பெண். நோயாளிகளின் வீட்டார் கேட்டுக்கொண்ட வேஷம் அது. தெருக்காரி ஒருத்தி அதை நம்பி, "எனக்கும் ஒண்ணு தச்சுக் குடும்மா, கழுத்த எறக்கிடாத" என்று துணியைக் கையில் திணித்தேவிட்டாள். எழில்மொழி அதை மயிலாடுதுறையில் ஒரு தையல்காரரிடம் தைத்து வாங்கிவந்து கொடுத்து, கழுத்து சரியில்லையென்று திட்டும் வாங்கினாள்.

அவள் அம்மா காத்தாயி, நடவு வயலில் கேட்பவர்களிடம், "ஆஸ்பத்திரி வேலதான். ஆனா ஊசி போடாது, பேசும்" என்பாள். "பேசுறதுக்கா ரெண்டு வருசம் படிச்சிச்சு?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். திருச்சியில் அந்த இரண்டு வருடமும், தேடி வருகிறவரை எப்படி உட்காரவைப்பது, எப்போது வாய் திறக்காமலிருப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். டேப்பைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை.

எதிரே இருப்பவர் அழுதால் சட்டென்று ஆறுதல் சொல்லமாட்டாள். கால் கட்டைவிரலால் தரையை அழுத்தியபடி காத்திருப்பாள். "அழுவுங்க, நான் இருக்கேன்." அவ்வளவுதான். சுடர்விழியிடமும் அப்படித்தான் இருந்தாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு, கல்லூரியை விட்டுவிட்டு மூலையில் கிடந்த பெண். டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரை விழுங்க வைத்து, வாராவாரம் கூட உட்கார்ந்ததில், தானே தலைவாரிப் பூ வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினாள்.

தேறியதும் கல்யாணம் பேசினார்கள்.

"இனிமே வராதீங்கம்மா. மாத்திரையையும் நிறுத்திட்டோம். மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாள் சுடர்விழியின் தாய்.

"மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. உங்க கால்ல வேணா விழுறேன்."

"ஒரு கேஸ் கொறஞ்சிடுமேன்னு பேசுறீங்க."

மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நோயாளி சம்மதிக்காததை வெளியே சொல்லக்கூடாது. சுடர்விழியையே கேட்டாள். "அம்மா சொல்றபடி இருந்துட்டுப் போறேங்க்கா" என்றது அந்தப் பெண். எழில்மொழி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகவில்லை.

வைகாசியில் கல்யாணம். ஐப்பசி மழையில், மாப்பிள்ளை வீட்டார் சுடர்விழியை வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். "பைத்தியத்த எங்க தலையில கட்டிட்டீங்களே!" என்று மாமியார் போட்ட கூச்சலைத் தெருவே கேட்டது. வேடிக்கை பார்த்து நின்ற தெருவுக்குச் சுடர்விழியின் தாய் ஒரு பதில் சொன்னாள்: "எம்பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அளவெடுக்கிறேன்னு காலனியிலேருந்து காத்தாயி மவ வந்து வந்து போனாளே, அவதான் என்னமோ பண்ணிட்டா." அளவெடுக்க வந்தவள் காத்தாயி மகள் என்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

சில நாளில் அதே தாய் போன் செய்தாள். "சோறு தண்ணி எறங்காமக் கெடக்கு. உங்க பேரத்தான் சொல்லுது."

எழில்மொழி போய் நின்றபோது வாசல் கதவு திறக்கவில்லை. சன்னல் வழியாகத் தாய் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எல்லாரும் பாக்குறாங்க. கொல்லப்பக்கமா வந்துடுங்க."

அந்தத் தெருவின் கொல்லைகளில்தான் காத்தாயி கூலிநெல்லுக்கு முந்தானையை விரித்து நின்றவள். தன் மகள் அதே வீடுகளுக்குள் வாசல் வழியாகப் போகிறாள் என்று தன் வீட்டுக்குள் சொல்லிச் சொல்லி மாய்ந்தவள்.

உள்ளே சுடர்விழி அலறுவது கேட்டது. எழில்மொழி பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வீட்டோரச் சந்தில் தேங்கியிருந்த சாக்கடைத் தண்ணீருக்குள் இறங்கினாள்.