ஓட்டுக் கூரைக்குப் போன முன்பல்

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் பத்து வயது மகள் வாசல்படியில் தடுக்கி விழுந்தாள். முன்பல் ஒன்று வேரோடு தெறித்து விழுந்தது.

பல் விழுந்தால் நம் வீடுகளில் செய்வதைத்தான் நானும் செய்தேன். மாட்டுச் சாணியில் உருட்டி ஓட்டுக் கூரை மேல் வீசினேன். நல்ல வீச்சு என்று பெருமை வேறு.

ரத்தம் நிற்கவில்லை. புத்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் பிடித்தோம்.

பல் டாக்டரம்மா முதலில் கேட்டது, "பல்லு எக்கட? எங்க வச்சிருக்கீங்க?"

"சாணியில வச்சி கூரை மேல போட்டுட்டேன் மேடம்."

அவர் முகத்தைச் சுளித்தார். "இது பால் பல்லு இல்லீங்க. வேரைத் தேய்க்காம பால்ல போட்டு உடனே எடுத்துக்கினு வந்திருந்தா, திரும்பப் பொருத்தியிருப்பேனே!"

மகள் வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இனிமே மொளைக்காதா நைனா?"

வீட்டில் அரை லிட்டர் பால் இருந்தது. அதில் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திட்ட நினைப்பவர்கள் கீழே கமெண்ட்டில் தாராளமாகத் திட்டுங்கள். மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டே இருக்கிறாள். அவள் பங்கையும் சேர்த்துத் திட்டிவிடுங்கள்.