பார்த்தெழுதத் தெரிந்த பிள்ளை

ஏழாம் வகுப்பில் அழகான கையெழுத்து யாருக்கு என்று கேட்டால் யோசிக்காமல் அந்தப் பிள்ளையின் நோட்டைத்தான் எடுத்து நீட்டுவேன். அச்சடித்த மாதிரி இருக்கும். அதிகாரி யாராவது ஆய்வுக்கு வந்தால் அந்த நோட்டுதான் மேஜைமேல் முதலில் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று' என்று நானே எழுதித் தள்ளியிருக்கிறேன். இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்ற மிதப்பு வேறு.

ராஜபாளையத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளி அது. காலாண்டு விடுமுறை முடிந்த வாரம் அவள் நோட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு விடைக்கு நடுவில், 'இந்தக் கணக்கை அழிக்க வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. கணக்கு சார் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு. அதையும் சேர்த்து முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கீழே பார்த்தால் என்னுடைய 'மிக நன்று'. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டுப் பாடப்புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னேன். சுவரைப் பார்க்கிற மாதிரி பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சில எழுத்துகள் தெரிந்தன. சேர்த்து ஒரு சொல்லாக்க வரவில்லை. பலகையில் இருப்பதை அவள் இத்தனை நாள் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"யாருகிட்டயும் சொல்லிராதீக டீச்சர்" என்றாள். நானும் சொல்லவில்லை. என் லட்சணமும் அதில்தானே இருந்தது.

நாலு பத்துக்கு மணியடித்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் என்று பேசிக்கொண்டோம். அவள் அம்மா நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வர ஆறு ஆகும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூனிக்குறுகிப் போவாள். அதனால் புத்தகமே வேண்டாம், அவள் ஏதாவது சொல்லட்டும், அவள் வாயில் வந்ததை அப்படியே எழுதி அவளையே வாசிக்க வைப்போம் என்று நினைத்தேன். முதல் நாள் என்ன கேட்டாலும் ஒரே பதில். "ஒண்ணுமில்ல டீச்சர்." அதையே பெரிதாக எழுதி முன்னால் வைத்தேன். விரலை வைத்துக்கொண்டு, "ஒண்ணு... மில்ல... டீச்சர்" என்று வாசித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் தினம் ஒரு வரி கிடைத்தது. 'எங்கம்மா தலையெல்லாம் பஞ்சு, நாந்தான் எடுத்து விட்டேன்.' 'தம்பிக்கு எம்புட்டுச் சோறு போட்டாலும் பத்தல.' வரியைச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப் போடுவேன், அவள் அடுக்குவாள். தலைமையாசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கொச்சையா எழுதிக் குடுக்கீங்க?" என்றார். "இலக்கணம் எங்கயும் ஓடிப் போகாது சார், பிள்ள ஓடிப் போகாம இருக்கட்டும்" என்றேன். என் வாய் அப்படி.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன். கணவர் இறந்துபோய் மூன்று வருஷம். மகள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன். மற்ற நாட்களில் பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

"நீங்களும் ஒரு வரி சொல்லுங்க டீச்சர், நான் வாசிக்கேன்" என்று அவள்தான் ஆரம்பித்தாள். 'ஒருத்திக்காக மாவு அரைக்க மனசு வரவில்லை' என்று எழுதினேன். 'ராத்திரி சும்மாவாவது டிவி ஓடும்' என்று எழுதினேன். மகளிடம் சொல்லாததையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்ல நீங்க மட்டுமா டீச்சர்?"

"ஆமா."

அடுத்த நாளிலிருந்து அவள் மணியடித்த கையோடு ஓடி வந்து உட்கார்ந்தாள்.

பொங்கல் முடிந்து வந்தபோது, வடை சுற்றிவந்த பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். மறுநாள் பாடப்புத்தகத்தில் நடத்தாத பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அதையும் வாசித்துவிட்டாள். போதும், இனி வர வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "ஒற்று இன்னும் சரியா விழல. இன்னும் கொஞ்ச நாள் வா." சரியென்று தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் வெளியே அவள் வகுப்புப் பிள்ளைகள் எறிபந்து விளையாடுவார்கள். பந்து சுவரில் மோதும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பும், உடனே குனிந்துகொள்வாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். மூன்று வாரம் அப்படி இருந்தேன். ஒற்றெல்லாம் சும்மா. அவள் போய்விட்டால் நாலு பத்துக்கு மேல் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான்.

ஒருநாள், "இன்னைக்கு நீயே எழுது, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று தாளைக் கொடுத்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

'டீச்சர் எனக்கு வாசிக்க வந்துருச்சு. நான் வெளாடப் போகட்டுமா. நீங்க கோவிக்கக் கூடாது.'

இரண்டு தடவை வாசித்தேன். வாயால் கேட்க எத்தனை நாள் தயங்கியிருப்பாளோ. எழுத வந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டுவிட்டாள்.

"போம்மா" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "போ, போ" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

"ஏட்டி, நானும் வாரேன்!" என்று மைதானத்திலிருந்து கேட்டது. இத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.